எட்டாம் பிரிவு

ரோல்லா சதுக்கத்துக்குப் பின்னால், லாண்டரிக்கு மேல்மாடியில்
மனு தட்டச்சு செய்யும் கடை.
பகலில் விசா, வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்று.
ஷட்டரைப் பாதி இறக்கியபின் என் மேசையில்
லண்டன் அஞ்சல்வழிப் படிப்பின் குற்றவியல் புத்தகம்.
மூன்று இரவாக எட்டாம் பிரிவில் நிற்கிறேன்.

முதலில் திருட வேண்டும்.
திருட்டு இல்லையேல் கொள்ளை இல்லை.
திருடும் கணத்திலோ, அதற்குச் சற்று முன்னோ
ஒரு மனிதர்மேல் பலம் பாய வேண்டும்,
அல்லது இப்போதே, இங்கேயே பாயும் என்ற பயத்தை
ஊட்ட வேண்டும், ஊட்டவாவது முயல வேண்டும்.
நாளைக்கு அடிப்பேன் என்பது போதாது.
அதுவும் திருடுவதற்காகவே.
ஏதோ ஆத்திரத்தில் அடித்துப்போட்டு,
விழுந்தவன் பாக்கெட்டைப் பிறகு கண்டு ஆசைப்பட்டால்
அவை இரண்டு குற்றங்கள், இது அல்ல.
விரலிடுக்கிலிருந்து சிகரெட்டை உருவினால் பலமில்லையாம்.
கைப்பையை வெடுக்கென்று பிடுங்கினால் உண்டாம்.
தையல்காரர் டேப்பை வைத்து
இருட்டை அளந்திருக்கிறார்கள்.

சிங்கராயர் வந்தது வியாழன் மதியம்,
சஜ்ஜா கேம்ப்பிலிருந்து, ஜாமீனில்.
ஜாமீனுக்குப் பாஸ்போர்ட் கேட்டார்களாம்.
அது கம்பெனி இழுப்பறையிலிருந்து
நேராக ஸ்டேஷனுக்குப் போனதாம்,
நடுவில் இவர் கையைத் தொடாமல்.

கம்பி கட்டும் வேலை. மாதம் எண்ணூற்றைம்பது.
ஐந்து மாதம் நிலுவை.
"கம்பி வளைக்கிற சாவி கையில இருந்துச்சு மேடம்.
இருந்துச்சு. ஓங்கல."
டைம்கீப்பர் நல்லகுற்றாலம் தானே இழுப்பறையைத் திறந்தார்.
உள்ளே நோட்டுக் கட்டுகள்,
ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட்டுகள்.
இவர் எண்ணினார். நடுவில் தப்பிவிட்டது.
மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.
நாலாயிரத்து இருநூறு.
வவுச்சரில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.
"அம்பது நோட்டு இல்ல மேடம்.
அந்த அம்பது எனக்குத்தான் நஷ்டம்."

இரவு புத்தகத்தைத் திறந்தால் அவர் அங்கே நிற்கிறார்.
சட்டப்படி எனக்குச் சேர வேண்டியது என்று
ஒருவன் மெய்யாகவே நம்பி எடுத்தால்
நேர்மைக்கேடு இல்லை.
அது இல்லாதபோது திருட்டு இல்லை,
திருட்டில்லாத இடத்தில் கொள்ளையும் இல்லை,
கையில் இரும்பே இருந்தாலும்.
இரும்புக்கு வேறு பக்கம், வேறு பிரிவு.
தேம்ஸ் கரையில் சிங்கராயர் இந்தக் கூண்டிலிருந்து
இறங்கிப் போயிருப்பார்.

இன்னொன்றும் எழுதிப் பார்த்தேன், ஓரத்தில், பென்சிலால்.
பதினான்கு மாதம் இழுப்பறையில் கிடந்த பாஸ்போர்ட்.
நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் வேண்டும்;
ஊருக்குப் போகையில் தந்துவிடுவார்களே.
பயம்? இப்போதே, இங்கேயே விழும் அடியல்ல அது,
மாதத் தவணை.
ஐந்து மாத வியர்வையோ
புத்தகத்தின்படி பொருளே அல்ல, வெறும் பாக்கி.
அழித்துவிட்டேன்.

நம்மிடம் இதற்கு ஒரு பழஞ்சொல் உண்டு: ஆறலைத்தல்.
பாலையில் பதுங்கியிருப்பவர் கள்வர்,
பொருள் தேடிக் கடப்பவன் தலைவன்.
மணல் இங்கேயும் இருக்கிறது.
யார் பதுங்கினார், யார் கடந்தார் என்பதற்கு
எத்தனை மதிப்பெண் தருவார்கள்?

இந்த மண்ணின் சட்டம் அரபியில் இருக்கிறது.
நான் அதைப் படிக்கவில்லை. அவரிடம் அதைச் சொன்னேன்,
வக்கீல் ஒருவரின் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.
தலையசைத்துவிட்டுத் திரையைக் காட்டினார்:
"எடுத்தேன்னு போடாதீங்க மேடம்.
வாங்கினேன்னு போடுங்க."
கீழே இருக்கும் மொழிபெயர்ப்பாளர்
எந்த வினையைத் தேர்வாரோ.
நான் 'பெற்றுக்கொண்டேன்' என்று அடித்தேன்.

கூலி முப்பது திர்ஹாம். வேண்டாம் என்றேன்.
மேசையில் வைத்துவிட்டு
ரசீது கேட்டார்.